சந்நிதியில் ஒலிக்க மனித மூச்சு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோயில்களில் தீபாராதனையின்போது சுவிட்சைப் போட்டதும் தானாக முழங்கும் மின்சார மேளத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த இரு வாசகர் கடிதங்களையும் படித்தேன். அது காதைப் பிளக்கும் இரைச்சல், ஆகவே அகற்றப்பட வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒலியே இறைவன் என்று சாத்திரங்கள் கூறும்போது அந்த ஒலி மனிதன் கையிலிருந்து வந்தாலும் மோட்டாரிலிருந்து வந்தாலும் பலன் ஒன்றுதான் என்று மற்றவர் எழுதியிருந்தார். முதலாமவரோடு எனக்குப் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டாமவரோ மேளத்தைக் காட்டிலும் பெரிய கேள்வி ஒன்றை எழுப்பியிருக்கிறார். அவர் எந்தச் சாத்திரங்களை நம்பி அப்படி எழுதினாரோ அந்தச் சாத்திரங்களே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன என்று நான் உறுதியாகக் கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை ஆகிய பகுதிகளில் தெருவுக்குத் தெரு பிள்ளையார் கோயிலும் அம்மன் கோயிலும் உண்டு. அவற்றில் பலவற்றில் இன்று ஒரு மூலையில் இரும்புச் சட்டமும், அதில் பொருத்திய முரசும், சேகண்டியும், மணியும், அவற்றை அடிக்கும் கம்பிகளும், கீழே ஒரு சிறிய மோட்டாருமாக அந்தக் கருவி நிற்கிறது. வாங்கிக் கொடுத்தவரின் பெயர் ‘உபயம்’ என்று அதன் நெற்றியில் எழுதப்பட்டிருக்கும். வாங்கிக் கொடுத்தவரின் பக்தியை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பக்தி தவறான இடத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதே என் வருத்தம்.

ஒலிதான் தோற்றத்தின் முதல் அடையாளம் என்பது தமிழுக்குப் புதிய கருத்தன்று. உலகம் தோன்றிய முறையைச் சொல்லும் பரிபாடல், ‘கருவளர் வானத்து இசையின் தோன்றி, உருவறி வாரா ஒன்றன் ஊழியும்’ என்று தொடங்கி, ஒலியைத் தன் குணமாகக் கொண்ட வானம் முதலில் வந்தது என்றும், அதன் பிறகே காற்றும் தீயும் நீரும் நிலமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன என்றும் கூறுகிறது. கூத்தப் பெருமானின் கையிலுள்ள துடி என்னும் சிறு பறையைப் படைப்பின் குறியாகச் சைவம் வைத்ததும் இதே எண்ணத்தில்தான். அப்பர் பெருமான் திருவையாற்றில் ‘ஓசை ஒலியெலாம் ஆனாய் நீயே’ என்று பாடினார். இரண்டாம் வாசகர் நினைவில் கொண்டது இந்த அடியாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் இந்த அடியை நம் ஆசிரியர்கள் எப்படிப் பொருள் கொண்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சைவ சித்தாந்தம் உலகின் கூறுகளான முப்பத்தாறு தத்துவங்களைக் கணக்கிடும்போது நாதம் என்னும் நுண்ணொலியை மிக உயர்ந்த இடத்தில், தூய மூலப்பொருளான சுத்த மாயையிலிருந்து தோன்றும் முதல் தத்துவமாக வைக்கிறது. அவ்வளவு உயரத்தில் வைத்த பிறகும் அதைச் சடம் என்றே சொல்கிறது, ஏனெனில் மாயையிலிருந்து தோன்றியது எதுவானாலும், எத்தனை நுண்மையானதானாலும், தானாக அறியாது, தானாக இயங்காது. அறிவுடைய ஒரு பொருள் அதனோடு கலந்து நின்று இயக்கும்போதுதான் அது பயன் தருகிறது. இறைவன் எல்லாமாய் நிற்கிறான் என்பதைச் சிவஞானபோதம் ‘அவையே தானே ஆய்’ என்று சொல்லும் இடத்திலும், கலப்பினால் அவன் அவையாக இருக்கிறான், பொருள்தன்மையால் அவற்றின் வேறாக இருக்கிறான் என்றே உரையாசிரியர்கள் விளக்கினார்கள். ஆகவே ஒலி தன்னளவில் இறைவன் என்பது சித்தாந்தத்தின் கொள்கை ஆகாது. உயிருள்ள ஒருவரின் அறிவும் விருப்பமும் செயலும் கூடாத ஒலி, எவ்வளவு உரக்க எழுந்தாலும், சடத்தைச் சடம் தட்டிய ஓசையாகவே நின்றுவிடும்.

இன்னும் நுட்பமாகச் சொல்ல வேண்டுமானால் சொல் பிறக்கும் நிலைகளான வாக்குகள் நான்கைப் பற்றிய விளக்கத்துக்குப் போக வேண்டும். நாம் காதால் கேட்கும் பேச்சும் பாட்டும் வைகரி எனப்படும் கடைசி நிலை. அதற்கு முன்னே, எழுத்துகள் உள்ளத்துக்குள் வரிசைப்பட்டு நின்றும் வெளியே ஒலிக்காத மத்திமை உண்டு. அதற்கும் முன்னே, மயில் முட்டையின் நீருக்குள் தோகையின் அத்தனை நிறங்களும் பிரிவு தெரியாமல் அடங்கியிருப்பது போல, எழுத்துகள் வேறுபாடின்றி ஒடுங்கிக் கிடக்கும் பைசந்தி உண்டு. அதற்கும் அப்பால் சூக்குமை. இந்த நான்கு நிலைகளையும் கடந்து ஓர் ஒலி வெளியே வருகிறது என்றால், அது ஓர் உயிரின் உள்ளாழத்திலிருந்து படிப்படியாகப் புறப்பட்டு, கடைசிப் படியில் பிராணவாயுவைப் பற்றிக்கொண்டு நம் செவிக்கு வந்து சேர்கிறது என்று பொருள். வழிபாட்டில் ஒலிக்கு மதிப்பு வந்தது இந்தப் பயணத்தால். மோட்டார் மேளத்தின் ஒலிக்கு இந்தப் பயணம் கிடையாது. அதற்குப் பின்னால் மத்திமையும் இல்லை, பைசந்தியும் இல்லை, மின்கம்பிதான் இருக்கிறது.

இலக்கண நூலார் இதையே வேறொரு பக்கத்திலிருந்து சொன்னார்கள். தொல்காப்பியர் பிறப்பியலில், உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் உறுப்புகளோடு சேர்ந்து எட்டு இடங்களில் எழுத்தொலியாக மாறும் முறையை விளக்குகிறார். அந்த இயலின் முடிவில் அவர் சொல்லும் செய்தி என்னைப் பலமுறை நிறுத்தி யோசிக்க வைத்திருக்கிறது. உடலுக்குள் எழும் காற்றின் இசையை அளந்து கொள்வது அந்தணர் மறையில் உள்ளது, அதை நான் இங்கே சொல்லவில்லை, வெளியே வந்து ஒலிக்கும் காற்றின் இசையை மட்டுமே சொன்னேன் என்கிறார். புறத்தே கேட்கும் ஒலிக்கு அகத்தே ஒரு தொடக்கம் உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, தம் நூலின் எல்லையை நேர்மையாகக் குறித்துவிட்டு நிறுத்திய ஆசிரியர் அவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சங்கீத ரத்னாகரம் என்னும் இசை நூலை எழுதிய சாரங்கதேவரும் உடலுக்குள் மூச்சும் தீயும் கூடும் இடத்தில் நாதம் பிறக்கிறது என்றே தொடங்குகிறார். அடித்து எழுப்பப்படும் ஒலியை ஆகதம் என்றும், அடிக்கப்படாமலே உள்ளே யோகியருக்குக் கேட்பதை அனாகதம் என்றும் அவர் பிரித்த பிரிவில், வெளியே கேட்கும் இசைக்கு உள்ளே ஒரு மூலம் உண்டு என்ற அதே கருத்து நிற்கிறது. இலக்கணமும் சித்தாந்தமும் இசை நூலும் மூன்று வழியில் வந்து மூச்சு என்ற ஒரே இடத்தில் சந்திப்பதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

இதற்குச் சான்று தேடி நாம் தஞ்சைக்கோ திருவையாற்றுக்கோ போக வேண்டியதில்லை. நம் ஒற்றியூரே போதும். சங்கிலியாரை மணந்து, ‘உன்னைப் பிரியேன்’ என்று மகிழ மரத்தடியில் செய்த சபதத்தை மீறிப் புறப்பட்ட சுந்தரர், ஊரின் எல்லையைக் கடந்ததும் கண்பார்வை இழந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அதன்பின் காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் திரும்பக் கிடைக்கும் வரை வழியில் ஒவ்வொரு தலத்திலும் அவரிடம் இருந்தது பாட்டு ஒன்றுதான். முறையிட்டதும் உரிமையோடு கோபித்ததும் பாட்டிலேதான். அவருடைய தேவாரத்தைக் கற்றவர் எவரும் அந்தப் பாட்டுகளில் ஒரு மனிதனின் மூச்சுத் திணறலைக் கேட்காமல் இருக்க முடியாது. பல நூற்றாண்டுகள் கழித்து அதே ஊருக்கு வந்த தியாகராஜ சுவாமிகள் இங்குள்ள வடிவுடையம்மனைத் திரிபுரசுந்தரி என்று விளித்து ஐந்து கீர்த்தனைகள் பாடினார். பிராணனும் அக்கினியும் சேர்ந்து பிரணவ நாதமாகி ஏழு சுரங்களாக விரிகிறது என்ற பழைய கொள்கையைத் தம் இசையில் எடுத்துச் சொன்னவரும் அவரே. முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பத்தை ஆதரித்தவர்கள் நம் மணலியில் இருந்த முதலியார்கள். வள்ளலார் கந்தகோட்டத்திலும் ஒற்றியூரிலும் நின்று பாடியது இளமைக் காலத்தில். தண்டையார்பேட்டைப் பக்கம் வாழ்ந்து மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு, பராபரத்தை விளித்துப் பாடிய தமிழ்க் கண்ணிகளை முசுலிம்களும் இந்துக்களும் சேர்ந்து கேட்டார்கள், திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் போன்ற சைவப் புலவரே அவர்மீது நான்மணிமாலை பாடினார். வடசென்னை என்றாலே துறைமுகமும் ஆலைப் புகையும் கூச்சலும் மட்டும் நினைவுக்கு வருபவர்களுக்காக இவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாதத்தைப் பற்றி இந்த மண்ணுக்குப் பேச உரிமை உண்டு.

உயர்ந்த இசை என்று பெயர் பெற்றவற்றை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது அநீதியாகும். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் ஒருவர் இறந்த வீட்டின் முன் இரவு முழுதும் பாடப்படும் மரண கானாவைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அங்கே பாடுபவர் மனப்பாடம் செய்த ஒன்றைத் திருப்பிச் சொல்வதில்லை. இறந்தவரின் பெயரையும், அவர் பார்த்த வேலையையும், விட்டுப் போன பிள்ளைகளையும் அந்த இடத்திலேயே பாட்டுக்குள் கொண்டுவருகிறார். ஒரு மகள் விம்மினால் பாட்டு அவள் பக்கம் திரும்புகிறது. பறை அடிப்பவர்கள் தோலைத் தீயில் காய்ச்சி விறைப்பேற்றி, கூடியிருப்பவர்களின் முகத்தைப் பார்த்து அடியை மாற்றுகிறார்கள். சாரங்கதேவர் சொன்ன மூச்சையும் தீயையும் நான் முதலில் புரிந்துகொண்டது இந்தத் தெருக்களில்தான். இந்தக் கலைஞர்களைச் சாதியின் பெயரால் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்திய அதே சமூகம், இன்று கோயிலுக்குள் உயிரற்ற மேளத்தை வைத்து வணங்குகிறது என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

கோயில் நாதசுரத்துக்கு வருவோம். நாதசுரத்தில் வாய் வைத்து ஊதும் பகுதியான சீவாளி நாணல் தட்டையில் செய்யப்படுவது. வாயில் வைத்து ஈரமாக்கிப் பதப்படுத்திய பிறகுதான் அது பேசும். சுரத்தின் நுட்பமான ஏற்ற இறக்கம் துளைகளை மூடும் விரலால் மட்டும் வருவதில்லை, உதட்டின் அழுத்தமும் மூச்சின் வேகமும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. விடியலில் பூபாளம், சுவாமி புறப்பாட்டில் கம்பீரநாட்டையில் மல்லாரி, பள்ளியறையில் நீலாம்பரி என்று வேளைக்கும் சடங்குக்கும் ஏற்ற இசையை அவர்கள் வாசிக்கும்போது, அந்த நாளின் பொழுதே வழிபாட்டுக்குள் வந்துவிடுகிறது. திரை விலகுவதையும் தீபம் உயர்வதையும் கண்ணால் பார்த்துத் தவில்காரர் நடையை விரைவுபடுத்துகிறார். குருக்கள் சற்றுத் தாமதித்தால் அவரும் தாமதிக்கிறார். அதாவது அங்கே இசைப்பவர் தாமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். மோட்டார் மேளம் கேட்பதில்லை. தீபம் ஏறினாலும் இறங்கினாலும், முன்னே நிற்கும் ஒரு தாய் கண்ணீர் விட்டாலும், கரன்ட் உள்ளவரை அது ஒரே அடியை அடிக்கிறது. கேட்காத ஒன்று எழுப்பும் ஓசை, கேட்பவர்களையும் கேளாதவர்களாக மாற்றிவிடுகிறது என்பதுதான் எனக்குள்ள பெரிய அச்சம். பக்கத்தில் நிற்பவர் முணுமுணுக்கும் பதிகம் அந்த முழக்கத்தில் மூழ்கிப்போகிறது, தம் நெஞ்சுக்குள் சொல்லும் மந்திரம்கூட அவருக்கே கேட்பதில்லை.

ஜார்ஜ் டவுனில் வாழ்ந்த வீணை தனம்மாள் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தபோது, ஒலிபெருக்கியின்றி, மிக மெல்லிய நாதமாக அது எழுந்தது என்றும், கேட்க வந்தவர்கள் அசையவும் தயங்கி அமர்ந்திருந்தார்கள் என்றும் அந்தக் காலத்தவர் எழுதியிருக்கிறார்கள். ஒலியின் மதிப்பு அதன் உரப்பில் இல்லை என்பதற்கு வடசென்னையிலேயே இப்படி ஒரு சான்று இருந்தது. 2000ஆம் ஆண்டில், மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு குடியிருப்பிலிருந்து எழுந்த வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பிறரின் அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்தும் முரசறைந்தும் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை என்று கூறியதையும் முதலாம் வாசகருக்காக நினைவூட்டுகிறேன். ஆயினும் டெசிபல் கணக்கு என் வாதத்தின் மையம் இல்லை. மோட்டார் மேளத்தின் ஒலியைப் பாதியாகக் குறைத்தாலும் என் மறுப்பு அப்படியே இருக்கும்.

‘சிறு கோயிலில் குருக்கள் ஒருவர்தான், அவர் தீபம் காட்டுவாரா, மேளம் அடிப்பாரா? நாதசுரக் கலைஞருக்குச் சம்பளம் கொடுக்க நிதி எங்கே?’ என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வி நியாயமானது, விளக்குக்கு எண்ணெய் வாங்கவே திணறும் கோயில்களை நானும் அறிவேன். ஆனால் அந்தக் கருவி வருவதற்கு முன் அதே கோயில்களில் என்ன நடந்தது? சாயரட்சை என்னும் மாலைப் பூசை வேளையில் தெருப்பிள்ளைகள் ஓடிவந்து, மணிக்கயிற்றைப் பிடிக்க ஒருவர், சேகண்டியைத் தட்ட ஒருவர், சங்கை ஊத முயன்று தோற்று மறுபடி முயல ஒருவர் என்று நிற்பார்கள். தாளம் தவறும். குருக்கள் திரும்பிப் பார்த்து முறைப்பார். அப்படித் தவறிய தாளத்தில் ஒரு குழந்தையின் முழு மனமும் இருந்தது, அவன் தீபத்தைப் பார்த்துக்கொண்டே கையை அசைக்கக் கற்றான். மோட்டார் வந்ததும் பிள்ளைகளுக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று, வேலை இல்லாத இடத்துக்குப் பிள்ளைகள் வருவதும் நின்றது. ஒரு செலவும் இல்லாமல் மூன்று நான்கு குழந்தைகளை நாள்தோறும் சந்நிதியில் நிறுத்தி வைத்திருந்த ஏற்பாட்டை நாமே கலைத்துவிட்டோம்.

பள்ளிவாசல்களில் ஒவ்வொரு வேளையும் ஒரு மனிதர் எழுந்து நின்று தம் குரலில்தான் பாங்கு சொல்கிறார். ராயபுரத்துத் தேவாலயங்களில் பாடற்குழுவில் பாட இன்றும் பிள்ளைகள் பயிற்சி பெறுகிறார்கள். தேவாரத்தைப் பண்ணோடு பெற்ற நாம் மட்டும் ஏன் சந்நிதியை இயந்திரத்திடம் ஒப்படைக்க வேண்டும்? தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் என்னும் தேவாரப் பதிகங்களைப் பாட 48 பேரையும், உடன் உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் நியமித்து, அவர்களுக்கு நாள்தோறும் நெல் அளக்க நிவந்தம் என்னும் கட்டளை வைத்ததை முதலாம் இராசராசன் கல்லில் வெட்டி வைத்தான். அத்தனை பெரிய கோயிலை எழுப்பியவன், கல் மட்டும் போதாது, அதற்குள் பாடும் தொண்டைகளும் வேண்டும் என்று அறிந்திருந்தான். திருவொற்றியூர்க் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளிலும் திருப்பதியம் பாடுவோரைப் பற்றிய குறிப்பு உண்டு.

அரசிடமும் கோயில்களுக்கு உதவுவோரிடமும் என் வேண்டுகோள்கள் இவைதான். இந்து சமய அறநிலையத் துறை, தன் பொறுப்பிலுள்ள வடசென்னைக் கோயில்களில் காலியாக இருக்கும் ஓதுவார் (தேவாரம் பாடுவோர்), நாதசுரம், தவில் பணியிடங்களை நிரப்ப வேண்டும். 2021இல் மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் ஓர் இளம்பெண்ணை ஓதுவாராக நியமித்த துறைக்கு இதைச் செய்யும் மனமும் வழியும் இருக்கிறது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் தேவாரமும் நாதசுரமும் தவிலும் மூன்றாண்டு கற்று வெளிவரும் இளைஞர்கள் வேலைக்காகக் காத்திருக்கிறார்கள். ஒரு கோயிலால் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க இயலாவிட்டால், அருகருகே உள்ள நான்கைந்து கோயில்கள் சேர்ந்து ஒரு நாதசுரக்காரரையும் ஒரு தவில்காரரையும் வைத்து, வெள்ளி, பிரதோஷம், கிருத்திகை என்று நாள்களைப் பகிர்ந்துகொள்ளலாம். தனியார் நிர்வாகத்தில் உள்ள தெருக் கோயில்களுக்கு உபயம் செய்ய முன்வருவோர், அடுத்த மோட்டார் மேளத்துக்கு எடுத்து வைத்திருக்கும் தொகையில் ஒரு சேகண்டியும் சங்கும் வாங்கிக் கொடுத்துவிட்டு, மீதியைத் தேவாரம் சொல்லிக் கொடுக்கும் ஓர் ஆசிரியரின் வாராந்தர வகுப்புக்குக் கொடுக்கட்டும். ஏற்கெனவே நிற்கும் கருவிகளை உடனே தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆள் இருக்கும் வேளையில் அதன் சுவிட்சைத் தொடாமல் இருந்தாலே தொடக்கத்துக்குப் போதும்.

திருவொற்றியூர்ப் பகுதியில் இதை முயன்று பார்க்க விரும்பும் கோயில் நிர்வாகத்தினர் எவராயினும் முன்வந்தால், பிள்ளைகளுக்குத் தேவாரப் பண்களின் முதற்பாடங்களை மாலை வேளைகளில் ஊதியமின்றிச் சொல்லிக் கொடுக்க நான் அணியமாக இருக்கிறேன். தங்கள் நாளிதழ் வழியாக அவர்கள் என்னைத் தொடர்புகொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருவொற்றியூர், சென்னை.